முன்கதவு

முன்கதவை யாரோ தட்டவும் நோலீன் பதறிப் போனாள். ஆடு மேய்க்கும் அந்தச் சின்ன ஊரில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் போலீஸ்காரரும் பாதிரியாரும்தான். வேண்டியவர்கள் பின்பக்கமாக வந்துவிடுவார்கள்.

வந்தது சிட்னிப் பத்திரிகையின் சினிமா விமர்சகர். ஊரே ஒதுக்கி வைத்த மாட்டுத் திருடி பெர்ல் டௌலிங்கின் கதை படமாக வந்து, எல்லாப் பத்திரிகையும் தலையில் வைத்துக் கொண்டாடியது. பெர்லுக்குத் தோழி என்று டிவியில் பேசியிருந்த நோலீனைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்த அண்டை வீட்டு மேவிஸுக்கு வயிறு எரிந்தது. பெர்ல் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போனவள் இந்த நோலீன். இன்றைக்கு வாய் நிறைய 'எங்க பெர்ல்' என்கிறாள்.

"பேன்ட் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க பாருக்குள்ள நுழைஞ்சா பாருங்க, அன்னிக்குக் கை தட்டினது நான் ஒருத்திதான்" என்றாள் நோலீன்.

"அப்ப உனக்கு நாலு வயசுடி" என்றாள் மேவிஸ்.

விமர்சகர் சிரித்துவிட்டு மேவிஸ் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அவங்களைத் தெரியுமா?"

சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அவள் மாஜிஸ்திரேட்டின் மனைவியாக இந்த ஊருக்கு வந்து, கணவர் போன பிறகும் அந்த மரியாதையில் வாழ்கிறவள். அநாதை விடுதியில் வளர்ந்தவள் என்பதற்கு மேல் ஊருக்கு எதுவும் தெரியாது.

"அந்த மாதிரிப் பொம்பளைங்களோட எனக்கென்ன பழக்கம்?" என்றாள். அவர் உடனே நோலீன் பக்கம் திரும்பிக்கொண்டார். அது மேவிஸை இன்னும் சுட்டது.

படத்தில் ஒரே ஒரு குறை என்றார் விமர்சகர். போலீஸ் துரத்த, கொட்டுகிற மழையில் பெர்ல் ஒரு வீட்டு முன்கதவைத் தட்டுகிறாள். மகள் திறந்து பார்த்துவிட்டு, முகத்திலேயே சாத்திவிடுகிறாள். பெற்ற மகள் அப்படிச் செய்வாளா? அதைத்தான் நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

"சினிமாக்காரங்க கட்டின கதைங்க அது" என்றாள் நோலீன். "பெர்லுக்கு ஏது பிள்ளைகுட்டி? அவளுக்குன்னு இருந்தது நான் ஒருத்திதான்."

மேவிஸ் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"முன்கதவை இல்ல" என்றாள். "அம்மா பின்பக்கமாத்தான் வந்தா."