முதலாளியின் வயிறு

தொழுவத்துத் தகரக் கூரை இடுக்கின் வழியே விழும் காலை வெயில் கன்றின் முதுகில் ஒரு கோடாகக் கிடக்கிறது. பிறந்து இன்று பத்தாம் நாள். அவள் அதைத் தன் முழங்கால்களுக்கிடையே நிறுத்தித் தாடையைத் தூக்கிப் பிடிக்கிறாள். கணவன் குடற்புழு மருந்துப் புட்டியைக் குலுக்குகிறான். “கடைவாயில விடுங்க, கொஞ்சம் கொஞ்சமா.” “இத்தனை வருஷமா விடுறேன், இன்னமும் பாடம் நடத்துறியே.” “போன தடவை பாதி மருந்தைச் சட்டைதான் குடிச்சது.” கன்று வாயை இறுக்கிக்கொள்கிறது. அவள் கை தானாக அதன் வயிற்றைத் தடவுகிறது. ஒட்டித்தான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் பிறந்த முதல் கன்றுக்கு ஒரே மாதத்தில் வயிறு பானையாக உருண்டது. தாய்ப்பால் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று இருவருக்கும் பெருமை. அதற்கு முதலாளி என்று பேர் வைத்ததே அவன்தான். தினமும் தொப்பையைத் தட்டி, “முதலாளி, சாப்பாடு ஆச்சா?” என்பான். அவள் தண்ணீர் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பாள். அது செத்த பிறகுதான் மாட்டு டாக்டர் சொன்னார்: வயிறு நிறையப் புழு, அந்தப் பாலோடு வந்தது. அப்புறம் எந்தக் கன்றுக்கும் அவன் பேர் வைக்கவில்லை. இப்போது கன்றின் தொண்டை அசைகிறது. ஒரு மடக்கு இறங்குகிறது, பிறகு இன்னொன்று. புட்டி காலியாகிறது. துண்டின் நுனியால் கன்றின் வாயைத் துடைத்துவிட்டு, அந்த ஒட்டிய வயிற்றை அவன் இரண்டு விரலால் மெல்லத் தட்டுகிறான். “ஆச்சா, முதலாளி?” என்கிறான், கன்றுக்கு மட்டும் கேட்கிற குரலில். கன்றின் தாடையைப் பிடித்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை; அவளுக்கும் அது கேட்கிறது.