அப்பாவின் அடக்க சிடி

மதிய வெயில் கடலில் பட்டுக் கூடத்துச் சுவரில் நெளிகிறது. தம்பி ரிஜோவின் கேம் கன்சோலுக்கு முன்னால் ஜெமி அப்பாவின் அடக்க சிடியோடு மண்டியிட்டிருக்கிறாள். ஸ்டுடியோக்காரர் கொடுத்து மூன்று வருடமாகியும் அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயர் இல்லை. அடக்கத்தன்று அவள் குவைத்திலிருந்து போனில் நேரலையில்தான் பார்த்தாள். பெட்டியை மூடுமுன் கொடுக்கும் கடைசி முத்தத்தின்போது படம் உறைந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டாள்; எடுத்ததும் கத்தினாள், மறுமுனையிலிருந்து பதில் வரவில்லை. “நீ பேசினது அப்பா காதுல விழுந்துது மக்களே” என்று அம்மா பிறகு சொன்னதை, தேற்றச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

“இதுல சிடி போவுமாலே?”

“கேமெல்லாம் நெட்டுலதான் எறக்குவேன். இந்த ஓட்டைல ஒண்ணும் போட்டதில்ல. வச்சுப் பாருக்கா.”

கன்சோல் சிடியை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஏதோ சுழலும் சத்தம் கேட்கிறது. இந்த வீட்டுக்கு அது புதிது. திரை முழுக்க அப்பாவின் முகம், மீசையின் நரைகூடத் தெளிவாகத் தெரிகிறது. எல்லோரும் முத்தமிட்டு முடிக்கிறார்கள். படம் உறையவில்லை. அம்மா குனிந்து, தன் போனை அப்பாவின் காதோடு சேர்த்துப் பிடிக்கிறாள்.

“அப்பா, நான் ஜெமி பேசுகேன்” என்று டிவியிலிருந்து கரகரத்து வருகிறது ஜெமியின் குரல்.

ஜெமி, அடக்க ஜெபத்தில் நிற்பவள்போல, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்து முக்காடிட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.