நவ்ஃபலின் பக்கம்

மொராக்கோ சர்க்கார் தந்த குடும்பப் புத்தகத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளி, ஒரு பெயரை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

காலை எட்டு மணிக்கே நானும் மனைவியும் வந்துவிட்டோம். முறை வரும்போது மதியத் தொழுகை முடிந்துவிட்டது. ரோட்டர்டாமில் எங்கே சீக்கிரம் வேலை நடந்தாலும் மொராக்கோ துணைத் தூதரகத்தில் நடக்காது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டினான். காசாபிளாங்கா நகரத்துப் பேச்சு.

"எந்தப் பேரு, ஹாஜி?"

"மூணாவது. நவ்ஃபல். என் மகன். அவன் மொராக்கோக்காரன் இல்லைன்னு ஒரு காகிதம் எழுதித் தரணும்."

அவன் பக்கத்து ஜன்னல்காரியைப் பார்த்துச் சிரித்தான்.

"புத்தகத்துல பேரைச் சேர்க்கத்தான் இங்க அடிச்சிக்கிறாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்க. மலைக்காரர்னு காட்டிட்டீங்களே!"

சிரிக்கட்டும். ரிஃப் மலைக்காரன் என்றால் நகரத்துக்காரனுக்கு எப்போதும் இளக்காரம்தான். முன்பென்றால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்போது எதுவும் உறைப்பதில்லை.

கடிதத்தைக் காட்டினேன். டச்சு அமைச்சகம் நவ்ஃபலின் பெயருக்கு எங்கள் முகவரியில் அனுப்பியது. சிரியாவுக்குப் போய் ஆயுதக் கூட்டத்தில் சேர்ந்ததால் அவனுடைய டச்சுக் குடியுரிமை பறிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் நான்கு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அதில் இரண்டு நாள் பாக்கி.

இரண்டு நாடு உள்ளவனிடம்தான் ஒன்றைப் பறிக்கலாம், ஒரே நாடு உள்ளவனை நாடில்லாதவன் ஆக்கக் கூடாது என்று வக்கீல் சொன்னார்.

நவ்ஃபலோடு ஒரே காரில் கிளம்பிப் போனவன் யோரிஸ். அவன் அப்பனும் தாத்தனும் டச்சுக்காரர்கள். அவனுக்கு இப்படி ஒரு கடிதம் வரவில்லை. திரும்பி வந்து இங்கேயே ஜெயிலில் இருக்கிறான். வியாழக்கிழமைதோறும் அவன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

என் மனைவி யாமினா கேட்பதும் அவ்வளவுதான். ஒரு ஜெயில், ஒரு வியாழக்கிழமை.

நவ்ஃபலை இந்தப் புத்தகத்தில் எழுத வைத்தவன் நான். பிறந்த நாலாம் நாள், ஏழாம் நாள் பெயர் விருந்துக்கு ஆட்டை அறுப்பதற்கு முன்பே, இங்கே வந்து வரிசையில் நின்றேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்ததுதான். கோடையில் காரோடு ஊருக்குப் போகும்போது கப்பல்துறையில் கேள்வி கேட்டுக் குடைய மாட்டார்கள். நாளைக்கு எங்கள் ஊர் நடோரில் இருக்கும் வீடு பிள்ளைகள் பெயருக்குச் சிக்கலில்லாமல் போகும்.

அவனுக்கோ நடோரைக் கண்டாலே ஆகாது. போன இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்று அழ ஆரம்பித்துவிடுவான். வீடு என்றால் ரோட்டர்டாம்.

அதிகாரி கடிதத்தைப் படித்து முடித்தான். சிரிப்பு போய்விட்டது.

"புத்தகத்துல எழுதாம விட்டிருந்தாலும் அவன் மொராக்கோதான், ஹாஜி. உங்க பிள்ளைல்ல? இது என்ன சட்டையா, கழட்டிப் போட? தோலு."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"பக்கத்தை மூட ஒரே வழிதான் இருக்கு."

நவ்ஃபலின் பக்கத்தில் விரலை வைத்தான். அடியில் ஒரு கட்டம். இறந்த தேதி எழுத விட்ட இடம். காலியாக இருந்தது.

"பையன் உயிரோட இருக்கானா?"

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாமினா எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. என் தோளருகே நின்றாள்.

அவனிடமிருந்து அவளுக்கு ஒரு வார்த்தை வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தக் கடிதம் வந்த அன்று அழுது தீர்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அதை முத்தமிட்டாள். "செத்தவனுக்கு எந்த சர்க்கார் கடுதாசி போடும்?" என்றாள். அன்றே பெரிய சட்டியில் கூஸ்கூஸ் சமைத்து அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள்.

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். யாமினாவும்.

"இருக்கான்" என்றேன்.

"அப்ப நான் எழுதறதுக்கு ஒண்ணுமில்ல, ஹாஜி."

புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினான்.

டிராமில் யாமினா அதை மடியில் வைத்துக்கொண்டாள். "போனாப் போகட்டும். டச்சுக்காரன் வேண்டாம்னா என்ன, நம்ம புத்தகத்துல இருக்கான்ல? ஊருக்குக் கொண்டு வந்துரலாம். அங்கயும் ஜெயில்ல போட்டாப் போடட்டும். நான் நடோர்லயே இருந்து பாத்துக்கறேன்."

சரி என்றேன்.

நவ்ஃபல் செத்து மூன்று வருடம் ஆகிறது.

சேதி என் போனுக்குத்தான் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலேறி பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வேறு தேசத்தில் இறந்துபோன ஒருவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தித் தர முடியுமா என்று ஒரு பள்ளிவாசல் இமாமிடம் கேட்டேன். தாராளமாக என்றார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அறிவிக்க வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. பத்திரிகையில் வந்த பெயர். அதைச் சொன்னால் எத்தனை பேர் தொழாமல் எழுந்து போவார்களோ.

அல்லால் என்று என் பெயரைச் சொன்னேன்.

முந்நூறு பேர் அல்லாலுக்காக எழுந்து நின்று தொழுதார்கள். கடைசி வரிசையில் நானும் நின்றேன்.