மஞ்சள் புள்ளி

ஒரகடத்துக் கார் கம்பெனியில் பெரியநாயகத்துக்கு, முறுக்கிய போல்ட்டைச் சரிபார்த்து மஞ்சள் மார்க்கரால் புள்ளி வைக்கும் வேலை. ஞாயிறு பூசைக்குப் பிறகு மனைவி சகாயமேரியோடு பில்டிங் பிளாக்ஸில் பொம்மை லாரி கட்டும்போதும் அப்படித்தான். அவள் மாட்டுவாள், அவர் பார்த்துப் புள்ளி வைப்பார்.

"எல்லாத்துலயும் புள்ளி வந்துட்டா வேலை முடிஞ்சு வண்டி லைனை வுட்டுப் போயிடும் மேரி" என்பார்.

லாரியின் கியர் பெட்டி பாதியில் இருக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனார். மார்க்கரையும் சட்டைப் பையில் வைத்தே அடக்கம் செய்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மேரி இரண்டு பல்சக்கரங்களை மாட்டிவிட்டுத் தன் வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறினாள். மாலையில் ஒன்றில் ஈரம் காயாத மஞ்சள் புள்ளி இருந்தது. மற்றதைத் தெரியாமல் பக்கம் மாற்றி மாட்டியிருந்தாள், அதில் இல்லை. திருப்பி மாட்டினாள். மறுநாள் அதிலும் புள்ளி வந்தது.

அப்படியே ஒவ்வொன்றிலும் புள்ளி வந்து, இப்போது கடைசிப் பல்சக்கரம்தான் பாக்கி. அதையும் மாட்டினாள்.

"அக்கா, இது பக்கம் மாறிக் கீதே" என்றாள் தங்கை எவாஞ்சலின்.

"தெரியும்டி" என்றாள் மேரி. மாற்றாமலே வேலைக்குக் கிளம்பினாள்.

மாலையில் அந்தச் சக்கரத்தில் புள்ளி இல்லை. லாரி மட்டும் அவர் உட்காரும் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது.