நடுக் குழாய்

மழை விட்ட மதியம். என்னிஸ் நகர மதுக்கடை சன்னலில் வெயில் விழுகிறது; மேடைமேல் பீர் பிடிக்கும் மூன்று குழாய்கள் மின்னுகின்றன. தபால் வேலையை விட்டுவிட்டு நோரீன் காய்ச்சிய கறுப்பு ஸ்டவுட் பீரை, கடைக்காரியான அண்ணி பிரீட் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள். கிளாஸின் அடி ஓரம் மாதுளைச் சிவப்பாய்த் தெரிகிறது. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடுகிறாள். வறுத்த பார்லியின் கசப்பு அவளுக்குப் பிடித்ததா என்று தெரியாமல் நோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஏதாவது சொல்லுங்க அண்ணி." "போன தடவ நீ கொண்டுவந்தது இருமல் மருந்து." "இது?" பிரீட் மிச்சத்தையும் குடித்து முடிக்கிறாள். காலி கிளாஸில் நுரை வளையம் வளையமாய் ஒட்டியிருக்கிறது. அவள் மேலுதட்டில் வெள்ளை மீசை. உள்ளறைப் பக்கம் திரும்புகிறாள். "ஏங்க, நடுக் குழாயக் கழுவி வைங்க. நாளையிலேருந்து அதுல உங்க தங்கச்சி சரக்குதான்."