எழுந்திருக்காத வக்கீல்

"ஒத்துக்கறவங்க எழுந்து நில்லுங்க" என்றாள் முதலாளியம்மா.

அந்தப் பசைக் கம்பெனியில் ஓட்டு என்றால் கை தூக்குவது கிடையாது. தூங்குகிறவன்கூடக் கையைத் தூக்கிவிடுவான் என்று அவளுடைய அப்பா அந்தக் காலத்தில் போட்ட விதி. ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் தீர்மானம் செல்லாது.

விவகாரம் இதுதான். நாலு வயதுக் குழந்தை ஒன்று பசை டியூபின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, இரண்டு உதட்டையும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தெடுக்க டாக்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பிள்ளைகளால் திறக்க முடியாத மூடியாகப் போடுங்கள் என்று அதன் அம்மா எழுதியிருந்தாள்.

மூடியை மாற்றினால் இயந்திரத்தை மூன்று மாதம் நிறுத்த வேண்டும்.

அதனால் கம்பெனி வக்கீல் ஒரு பதில் தயாரித்திருந்தார். பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை, கம்பெனி பொறுப்பாகாது. எங்கே பிடித்தாலும் நழுவுகிற பதில்.

அந்தப் பதிலை அனுப்பலாமா என்பதற்குத்தான் ஓட்டு. முதலாளியம்மாவுக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் மூன்று மாதம்!

விற்பனை மேலாளர் முந்திரிக்கொட்டை மாதிரி முதல் ஆளாக எழுந்தார். உற்பத்தி மேலாளர் எழுந்தார். சடசடவென்று நாற்காலிகள் நகர்ந்தன.

வக்கீல் எழுந்திருக்கவில்லை.

பதிலை எழுதியவரே அவர்தான். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. எழப்போகிறவர்போல் ஒரு தடவை முன்னால் சாய்ந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பாவம், மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்தாள் முதலாளியம்மா. அவருக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று இருபது வருடத்தில் அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

விற்பனை மேலாளர் அசடு வழிய உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

முதலாளியம்மா மறுபடி ஓட்டுக்கு விடாமல், மூடியை மாற்றுவது என்று அங்கேயே தானே முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மனசு லேசாகிவிட்டது.

கூட்டம் கலைந்தது. வக்கீல் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவள் பக்கத்தில் போய்க் கை நீட்டினாள். நன்றி சொல்ல வார்த்தை தேடினாள். அவர் உட்கார்ந்தபடியே கை குலுக்கினார். கடைசி ஆளும் வெளியே போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்கூல் லீவுன்னு உங்க சின்னவளக் கூட்டிட்டு வந்தீங்களே மேடம், அவதான் காலைல இந்த நாற்காலிய நல்லாத் தடவிக் குடுத்து, 'உக்காருங்க அங்கிள்'னா. எவ்வளவு மரியாதையா வளத்திருக்காங்கன்னு நெனச்சேன்... ஒரு கத்திரிக்கோல் கெடைக்குமா?"