ஒரு மணி நேர உத்தியோகம்

"எப்படியாச்சும் என்னைய வேலைய விட்டுத் தூக்கிருங்க சார்!" பூபாலன் கையெடுத்துக் கும்பிட்டான்.

பனியன் கம்பெனி ஹெச்.ஆர். சகாயராஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களத்தான் நாலு மாசம் முன்னாடியே தூக்கியாச்சுங்களே."

"ஆளைத் தூக்கிட்டீங்க. பேரைத் தூக்கலீங்களே! பி.எஃப்.ல நான் இன்னும் இங்கதான் வேலை பாக்கறேனாம்."

பாதியில் விட்ட பி.காம். படிப்பைத் தொடர, முப்பத்திரண்டு வயதில் அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வேலையிழந்து மறுபடி படிக்கப் போகிறவர்களுக்கான உதவித்தொகை வந்தால்தான் பீஸ் கட்ட முடியும். வீட்டில் அடகு வைக்க கேஸ் சிலிண்டரைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

"இந்த வாரம் நேர்ல வந்து விசாரிப்பாங்களாம் சார். அதுக்குள்ள பேரை எடுக்கலீன்னா சீட்டே போயிருமுங்க."

சகாயராஜ் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு பையர் ஆடிட்டுங்க, சரக்கு வாங்கற கம்பெனி ஆளனுப்பிச் செக் பண்ணும். ரிஜிஸ்டர்ல நூத்தியிருவது பேரு, உள்ளார எழுவது. ஒரு மணி நேரம் மிஷின்ல உக்காந்து, ஆடிட்டர் கேட்டா சிரிச்ச மொகமா பதில் சொல்லுங்க. சாயங்காலமே பேரை எடுத்தர்றேன்."

"சத்தியமாங்க?"

"மாதா மேல சத்தியமாங்க."

பூபாலன் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தான். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் மாஸ்க், தலைக்கு மேலே காலையில்தான் மாட்டிய தீயணைப்பான். ஆடிட் நாளில் மட்டும் கம்பெனி இவ்வளவு லட்சணமாக இருக்கும்.

பதினொரு மணிக்கு ஓர் அம்மா தனியாக உள்ளே வந்தார். தோளில் துணிப்பை, வாட்ச் பட்டையில் மடித்துச் செருகிய பஸ் டிக்கெட். ஃபைலைப் புரட்டி, "இங்க பூபாலன் யாருங்க?" என்றார்.

ரிஜிஸ்டரில் ஏதாவது ஒரு பெயரைப் பொறுக்கி விசாரிப்பது ஆடிட்டர்கள் வழக்கம். சகாயராஜுக்கு வேர்த்துவிட்டது. கண்ணாலேயே பூபாலனிடம் கெஞ்சினார்.

"நாந்தானுங்க மேடம்!"

"இங்கதான் வேலை பாக்கறீங்களா?"

"ஆறு வருசமாங்க. ஒரு நாள் நின்னதில்லீங்க."

"இந்த நாலு மாசமா?"

"சம்பளம், ஓவர்டைம் எல்லாம் தேதி தவறாம வருதுங்க."

"யாராச்சும் சொல்லிக்குடுத்துச் சொல்றீங்களா, தம்பி?"

"சேச்சே! இது எங்க ஊடு மாதிரிங்க மேடம்."

அந்த அம்மா மிஷினோடு சேர்த்து அவனைப் போனில் படம் பிடித்தார். எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கினார். பூபாலன் பி.காம். பரீட்சை எழுதுகிற அக்கறையோடு முழுப் பெயரையும் போட்டான்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. வாட்ச்மேன் அய்யாசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், ஆடிட்டர் வந்துட்டாருங்க!"

பேனா பூபாலன் கையிலேயே நின்றது. "அப்ப நீங்க...?"

அந்த அம்மா ஃபைலை மூடினார். "உங்க உதவித்தொகை மனுவை விசாரிக்க வந்தேனுங்க."